கைக்கு எட்டாத மிளகு காசாகாது

மாவனெல்லை, அக்குறணை, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி இல்லாத வீடு குறைவு. ஆனால் பல வீடுகளில் அது பலாவிலும் கமுகிலும் 30 அடிக்கு மேல் ஏறி நிற்கிறது. உயர்ந்த கொடியைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். மிளகு வாங்கி விற்பவன் என்ற முறையில் நான் சொல்வேன், அந்த உயரம் வருமானமல்ல, செலவு.

எப்படி? உச்சியில் காய்ப்பதைப் பறிக்க ஆள் வேண்டும். மரம் ஏறுபவர்கள் இப்போது அரிது. கிடைத்தாலும் கூலி அதிகம், விழுந்தால் ஓர் உயிர். இரண்டு தடவை ஏற முடியாது என்பதால் முற்றியது, பிஞ்சு என்று பாராமல் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு இறங்குகிறார்கள். பிஞ்சு காய்ந்தால் பொக்காகிவிடும். நல்ல கறுப்பு மிளகு ஒரு லீற்றர் பாத்திரத்தில் 550 கிராம் அளவில் நிறுக்கும். பொக்கு கலந்தால் நிறை குறையும், விலையும் குறையும். சரத்தில் ஓரிரு மணிகள் சிவக்கும்போது பறிப்பதே சரியான பருவம். கீழிருந்து பார்த்தால் அது தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. சுமார் 3 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் 1 கிலோ. ஒரு கொடியின் உச்சியில் 3 கிலோ விடுபட்டுப் பறவைக்குப் போனால், 20 கொடிகளில் 20 கிலோ காய்ந்த மிளகு நட்டம்.

இதற்கு வழி, கொடியை ஏணிக்கு எட்டும் 12 முதல் 15 அடிக்குள் நிறுத்துவதே. மிளகு காய்ப்பது பக்கக் கிளைகளில். மேலே ஏறும் தலைக்கொடி காய்ப்பதில்லை. ஆகவே தலைக்கொடியின் நுனியை மட்டும் வெட்ட வேண்டும், பக்கக் கிளைகளில் கத்தி படக் கூடாது. அறுவடை முடிந்து, அடுத்த மழை தொடங்குமுன் வெட்டுவது நல்லது.

ஏற்கெனவே 30 அடி ஏறிய கொடியை ஒரே நாளில் குறைக்க வேண்டாம். ஒரு மரத்தில் பல தண்டுகள் ஏறியிருக்கும். இவ்வருடம் பாதித் தண்டுகளை வெட்டுங்கள், மீதியை அடுத்த வருடம். அப்போது வருமானம் ஒரேயடியாக விழாது. வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் தளிர் வந்து மீண்டும் ஏறப் பார்க்கும். வருடந்தோறும் அதைக் கிள்ள வேண்டும். அடிப்பகுதி வெறுமையாக இருந்தால், நிலத்தில் ஓடும் கொடியைத் தூக்கி மரத்தோடு கட்டிவிடுங்கள்.

கொடி ஏறியிருப்பது கிளிரிசிடியா என்றால் மரத்தையும் குறைக்கலாம். மழை தொடங்கும்போது கிளைகளை வெட்டினால் பூக்கும் காலத்தில் கொடிக்கு வெளிச்சம் கிடைக்கும், வெட்டிய இலை அடியில் பசளையாகும். கடும் வெயில் காலத்தில் நிழலை விட்டுவிடுங்கள். கமுகின் தலையை வெட்ட முடியாது, அங்கே கொடியை மட்டுமே குறைக்கலாம்.

வெட்டிய தண்டை எறியாதீர்கள். மிகவும் இளம் நுனியை நீக்கிவிட்டு, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக்கிப் பொலித்தீன் பையில் நட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் அவை நாற்றாகும். பக்கக் கிளையை நட்டால் ஏறாது, புதராக வளரும். அது பூச்சாடிக்கு நல்லது. நோய்ப்பட்ட கொடியிலிருந்து மட்டும் துண்டு எடுக்காதீர்கள். அதில் பட்ட கத்தியைக் கழுவாமல் அடுத்த கொடியில் வைக்கவும் வேண்டாம்.

மேலும் விளக்கம் தேவைப்படுவோர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைக் கேட்கலாம். மாத்தளையில் அவர்களுடைய ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

கடையில் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் தட்டில் வைத்த சாமான்தான் முதலில் விற்கும். தோட்டத்துக்கும் அதே கணக்குத்தான். அடுத்த அறுவடை முடிந்ததும் ஓர் ஏணியும் கூரிய கத்தியும் எடுத்து, ஒரு மரத்திலாவது தொடங்கிப் பாருங்கள்.