பிறந்ததை எண்ணாதீர்கள், பிழைத்ததை எண்ணுங்கள்

சென்ற மாதம் என் சகோதரியின் மகன் முல்லைத்தீவிலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு கொப்பி. "மாமா, ஒரு ஆண் கடற்குதிரை ஒரே தடவையில் 500 குஞ்சு போடுமாம். பத்துச் சோடி வைத்தால் 5,000. நீங்கள் முதல் போடுங்கள், நான் உழைக்கிறேன்" என்றான். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அது பிறப்புக் கணக்கு. வியாபாரிக்கு வேண்டியது விற்பனைக் கணக்கு.

இந்தச் சரக்கு எனக்குப் புதிதல்ல. இளவயதில் நான் கருவாட்டுக் கடையில் நின்றபோது, வலையில் சிக்கிய கடற்குதிரைகளைக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். சீன மருந்துக்கென்று வாங்க ஆளிருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. இந்தியா 2001இல் அதைப் பிடிப்பதைத் தடைசெய்தது. 2004 மே முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே வளர்ப்பில் கண் வைப்பது நியாயமே. பண்ணையில் பிறந்த கடற்குதிரைகள் அலங்கார மீன் சந்தைக்காக இலங்கையிலிருந்தும் உயிருடன் போயிருக்கின்றன.

அவனுக்குச் சொன்ன பாடத்தை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம்: பெண் இடும் முட்டைகளை ஆண் தன் பையில் சுமந்து குஞ்சு பொரிக்கிறது. எங்கள் கடலிலுள்ள கூடா இனத்தின் குஞ்சு பிறக்கும்போது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர்தான். அது மேலே வந்து காற்றை விழுங்கி மிதவைப் பையை நிரப்ப வேண்டும். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது முடியாது. காற்று மிஞ்சினால் மேலேயே மிதந்து, இரை எடுக்க முடியாமல் சாகும். அதற்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. விழுங்கியது விரைவில் வெளியேறும். ஆகவே நாளில் பல தடவை உயிருள்ள நுண் இரை கொடுக்க வேண்டும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சு இதற்குப் பயன்படும். பொரித்து நேரம் சென்றால் அதன் சத்துக் குறையும். சத்தூட்டியே கொடுக்க வேண்டும். பெரும்பாலான இழப்பு இந்த நாட்களில்தான்.

நான்காம் வாரமளவில்: குஞ்சு வாலால் பற்றத் தொடங்கும். கயிறோ வலைத்துண்டோ போடாவிட்டால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

அதன் பின்: உறைய வைத்த சிறு இறாலுக்குப் படிப்படியாகப் பழக்கலாம். செலவு குறையும். ஆனால் விற்பனை அளவுக்கு வர மாதங்கள் செல்லும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 500இல் பத்துக்கு ஒன்று தப்பினால் 50. பாதி தப்பினால் 250. தொட்டி, மின்சாரம், கூலி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. இலாபமும் நட்டமும் முதல் மூன்று வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றன. வன்னியில் இன்னொன்றும் உண்டு: மாரியில் களப்பு நீரின் உப்புத்தன்மை சட்டென்று இறங்கும். நல்ல கடல்நீரைச் சேமித்து வைக்க வேண்டும்.

1990இல் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது இறால் குளமொன்றில் பங்கு போட்டேன். குஞ்சின் எண்ணிக்கையைப் பார்த்தே இலாபம் கணக்கிட்டேன். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. போட்ட முதலே திரும்பவில்லை.

மருமகனுக்கு மறுப்புச் சொல்லவில்லை. "நக்டாவிடம் அனுமதியை விசாரி. சட்டப்படி கிடைக்கும் ஒரு சோடியோடு தொடங்கு. தினமும் செத்ததை இந்தக் கொப்பியில் எழுது. மூன்று ஈற்றுக் கணக்கோடு வா, பங்கைப் பேசுவோம்" என்றேன்.

கொப்பியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நானும் காத்திருக்கிறேன்.