தங்கைக்குச் சில புத்தக டிப்ஸ்

வரலாறு படிக்க ஆசை வந்ததும் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை வாங்கி வைத்துவிடாதேம்மா. ராமச்சந்திர குஹாவின் ‘இந்தியா ஆஃப்டர் காந்தி’ நல்ல நூல்தான். ஆனால் கொஞ்சம் படித்துப் பழகிய பிறகு அதற்குப் போ. இப்போது உனக்கு வேண்டியது ஒரே ஊரையோ ஒரே சம்பவத்தையோ எடுத்துக்கொண்டு ஆழமாகப் பேசும் புத்தகம்.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ அப்படிப்பட்டது. கப்பல் ஓட்டினார், செக்கிழுத்தார் என்பதோடு பள்ளிப்பாடத்தில் வ.உ.சி. முடிந்துவிடுகிறார். அவர் கைதானதும் மார்ச் 13 அன்று திருநெல்வேலியே கொந்தளித்தது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பெயர் தெரியாத சாதாரண மக்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று தேடிப்போகிறது இந்த நூல். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருதும் இதற்குத்தான். இதை முடித்த கையோடு, வ.உ.சி. 1906இல் தொடங்கிய கப்பல் கம்பெனியைப் பற்றி வேங்கடாசலபதியே ஆங்கிலத்தில் எழுதிய ‘சுவதேசி ஸ்டீம்’ நூலை எடு. கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் ஆங்கிலம் மிரட்டாது.

அடுத்து, செய்தியில் எது உன்னை உறுத்துகிறதோ அதிலிருந்து புத்தகத்துக்குப் போ. கீழடியையே பார். அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். திருத்தித் தரும்படி 2025 மே மாதம் மத்தியத் தொல்லியல் துறை கேட்டது. டிவி விவாதங்களில் சத்தம்தான் மிஞ்சியது. அந்த நேரத்தை இரண்டு புத்தகங்களுக்குக் கொடு. ஆர். பாலகிருஷ்ணனின் ‘ஒரு பண்பாட்டின் பயணம்: சிந்து முதல் வைகை வரை’ ஊர்ப்பெயர்களைத் தடயமாக வைத்துப் பேசுகிறது. டோனி ஜோசப்பின் ‘எர்லி இண்டியன்ஸ்’ மரபணு ஆய்வை வைத்துப் பேசுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் எது சான்று, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்க உனக்கே கைவந்துவிடும்.

பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் எதையும் வாங்காதே. டோனி ஜோசப் நூல் வந்தது 2018இல். சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் கிடைத்த எலும்புக்கூட்டின் டிஎன்ஏ ஆய்வுக்கட்டுரை வெளியானது 2019 செப்டம்பரில். இந்த மாதிரி விஷயத்தில் ஒரு வருட இடைவெளியே பெரிது.

தொகுதி மறுவரையறை பற்றிக் குழப்பமா? ஆர்.எஸ். நீலகண்டனின் ‘சவுத் வெர்சஸ் நார்த்’ படி. மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது 1971 கணக்கெடுப்போடு ஏன் நிறுத்திவைக்கப்பட்டது, 2001இல் செய்த அரசியல் சாசனத் திருத்தம் ஏன் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை தள்ளிப்போட்டது என்பதைத் தெரிந்துகொண்டு புத்தகத்துக்குள் போனால் இன்னும் நன்றாகப் புரியும். அவர் ஒரு டேட்டா சயின்டிஸ்ட். எண்களை அடுக்கிக்கொண்டே வருவார். பென்சிலும் கையுமாக உட்கார். எண் முடிந்து அவருடைய கருத்து தொடங்கும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடு. நமக்குப் பிடித்த கருத்தைச் சொல்கிறவரிடம்தான் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போ. குறிப்புகளும் துணைநூல் பட்டியலும் இல்லாமல், ‘மறைக்கப்பட்ட உண்மை’ என்று அட்டையில் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தால் வைத்துவிட்டு வா.

சுதந்திரப் போராளிகளைப் பற்றிய பி. சாய்நாத்தின் ‘தி லாஸ்ட் ஹீரோஸ்’ நூலை மட்டும் எந்த வரிசையும் பார்க்காமல் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். சங்கரய்யாவும் நல்லகண்ணுவும் அதில் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது மேற்கு வங்கம் புருலியாவின் பவானி மஹதோ. காட்டில் ஒளிந்திருந்த போராளிகளுக்கு விளைவித்தும் சமைத்தும் சோறு போட்டவர், எனக்கும் சுதந்திரப் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றே கேட்கிறார்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சென்னையில் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன, மதுரையில் கலைஞர் நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஒரு அத்தியாயம் படி. மறுபடி புரட்டத் தோன்றும் புத்தகத்தை மட்டும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும்போது, பத்து சதவீதக் கழிவில் வாங்கிக்கொள்.