கொல்கத்தா குளிரும் தொட்டிப் பனைகளும்: சில குறிப்புகள்

லேக் மார்க்கெட் பக்கம் மொட்டைமாடியிலும் பால்கனியிலும் அரிக்கா பாம், விசிறிப் பனை, தென்னங்கன்று என்று எதையாவது வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மார்கழி, தையில் இங்கே இரவு வெப்பம் பெரும்பாலும் 12 முதல் 14 டிகிரி. உறைபனி கிடையாது. செடிகள் பெரும்பாலும் வீணாவது குளிரால் அல்ல, தண்ணீராலும் தூசியாலும்தான்.

1. கோடையில் ஊற்றியதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வேர் அழுகினாலும் இலை வாடும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவதில்தான் பாதிச் செடிகள் போகின்றன. தொட்டிக்கு அடியில் உள்ள தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

2. வெயில் வந்தபின், காலை ஒன்பது மணிக்கு மேல் ஊற்றுங்கள். குருத்தில் மட்டும் படவே கூடாது. மற்ற மரங்கள் நுனி போனால் பக்கத்தில் துளிர்க்கும். பனை இனத்துக்கு ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது அழுகினால் அந்தத் தண்டு முடிந்தது.

3. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை அரிது. சாலைப் புழுதியும் புகையும் இலையில் படிந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடையுங்கள். அடிப்பக்கத்தில் மெல்லிய வலையும் வெளிர் புள்ளிகளும் தெரிந்தால் அது செஞ்சிலந்திப் பேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளியுங்கள்.

4. தென்னங்கன்று, பாக்குக் கன்று, பாட்டில் பாம் மூன்றும் குளிர் தாங்காதவை. வாடை படாமல் தெற்கு நோக்கிய சுவர் ஓரம் வையுங்கள். சீன விசிறிப் பனைக்கும் ஈச்சைக்கும் கவலையே வேண்டாம். வங்காளத்தில் ஈச்சமரத்தில் சாறு இறக்கி நோலென் குர் என்னும் வெல்லம் காய்ச்சுவதே இந்தக் குளிரில்தான்.

5. உரம், தொட்டி மாற்றுவது எல்லாம் மார்ச்சில்.

6. பாதி மஞ்சளான கீழ் இலையை வெட்டாதீர்கள். அதிலுள்ள பொட்டாசியத்தைச் செடி புது இலைக்கு எடுத்துக்கொள்கிறது. முழுக்கக் காய்ந்தபின் நறுக்குங்கள்.

7. லண்டனில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு குறிப்பு. அங்கே தோட்டங்களில் நிற்கும் டிராக்கிகார்பஸ் பனை பனியைத் தாங்கும். கடும் உறைபனி வந்தால் மட்டும் இலைகளை மேல்நோக்கிக் கூட்டிக் கட்டி, சாக்கு அல்லது தோட்டத்துணியால் சுற்றச் சொல்லுங்கள். பாலிதீன் வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிக் குருத்து அழுகும். வெயில் வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். இதன் உறவினங்கள் நம் டார்ஜிலிங், காலிம்பொங் மலைகளில் தாமாகவே வளர்கின்றன. ஆனால் மலைப் பனையைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவர ஆசைப்பட வேண்டாம், நம் கோடைப் புழுக்கம் அதற்கு ஆகாது.

8. புதுச் செடி வாங்குமுன் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1787-இல் தொடங்கியது. அங்குள்ள பனை இல்லத்தில் 1894-இல் இரட்டைத் தென்னை நட்டார்கள். நர்சரியில் சிறு தொட்டியில் பார்க்கும் கன்று வளர்ந்தால் எவ்வளவு இடம் கேட்கும் என்பதை அங்கே நேரில் பார்த்துவிட்டு, பிறகு வாங்குங்கள்.