சனி வளையத்தில் ஆரக்கால்கள்

1980-ஆம் ஆண்டில் வாயேஜர்-1 விண்கலம் சனிக்கோளை நெருங்கியபோது, 'பி' வளையத்தின் மீது கருநிறப் பட்டைகள் தெரிந்தன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அவை பல ஆயிரம் கிலோமீட்டர் நீண்டிருந்தன. இதில் வியப்பு என்ன என்று நீங்கள் வினவலாம். கெப்ளரின் விதியை நினைவு கூருங்கள்.

'பி' வளையத்தின் உள்விளிம்பிலுள்ள பனிக்கட்டித் துண்டு சனியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 7.9 மணி நேரமாகும், வெளிவிளிம்பிலுள்ளதற்கு 11.4 மணி. எனவே நேராகத் தோன்றும் பட்டையும், உள்முனை முந்துவதால் விரைவில் சாய்ந்து சிதைய வேண்டும். ஆனால் சில பட்டைகள், தோன்றும் வேளையில், சனியின் காந்தப் புலத்துடன் இணைந்தே சுழன்றன. அப்புலம் சுமார் பத்தரை மணிக்கு ஒருமுறை சுழல்வது. ஈர்ப்பு விசைக்கு மட்டும் கட்டுப்பட்ட பொருள் இவ்வாறு இயங்காது. மின்னூட்டம் பெற்ற பொருளே காந்தப் புலத்திற்கு இணங்கும்.

விண்கலம் சனியைக் கடந்து சூரியன் இருந்த திசையில் திரும்பி நோக்கியபோது, அதே பட்டைகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. சன்னல் வழியே வரும் வெயிலில் தூசு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி வரும் திசையை நோக்கினால்தான் அது நன்கு தெரியும். ஆகவே பட்டைகள் மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு அளவேயான நுண்தூசுகள்!

தூசுக்கு மின்னூட்டம் எவ்வாறு வந்தது? பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயு. எலக்ட்ரான் மிக இலேசானது; ஆதலால் அயனியைவிட விரைந்தோடி, தூசின் மீது அடிக்கடி மோதி ஒட்டிக்கொள்கிறது. தூசு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அது மிகுந்ததும், பின்வரும் எலக்ட்ரான்கள் விலக்கப்படுகின்றன. ஒரு சமநிலை ஏற்படுகிறது.

பெரிய பனிக்கட்டிகள் ஏன் எழும்பவில்லை? ஒரே மின்னழுத்தத்தில், கோளத்தின் மின்னூட்டம் ஆரத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. நிறையோ ஆரத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆரம் பத்தில் ஒரு பங்கானால் மின்னூட்டமும் பத்தில் ஒரு பங்காகும். நிறை ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஒரு கிலோகிராமுக்கான மின்னூட்டம் நூறு மடங்காகிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கைத் தூக்கும், புத்தகத்தைத் தூக்காது அல்லவா?

தூசை எழுப்பும் அடர்ந்த பிளாஸ்மா எங்கிருந்து வருகிறது? விண்கற்கள் வளையத்தில் மோதும்போது பிறக்கிறது என்று கோயர்ட்ஸ், மார்ஃபில் இருவரும் 1983-இல் கூறினர். நல்ல கருத்துதான், எனினும் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

இன்னொரு புதிர், பருவம். 2004-இல் சனியை அடைந்த காசினி விண்கலத்துக்கு 2005 செப்டம்பர் வரை ஆரக்கால்கள் தென்படவில்லை. சூரியன் வளையத்தளத்திற்கு வெகு உயரத்தில் இருக்கையில், புறஊதாக் கதிர்கள் பனியிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. அதனால் தூசு எழும்பும் சூழல் கெடுகிறது என்பர். சம இரவு நாளை ஒட்டிய ஆண்டுகளில் அவை மீண்டும் தோன்றுகின்றன. சனியின் அண்மைச் சம இரவு நாள் 2025 மே மாதத்தில் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஹப்பிள் தொலைநோக்கி அவற்றைப் படமெடுக்கத் தொடங்கிவிட்டது.