இருபது வருட இலவம்பஞ்சு மெத்தை: மாற்றுவதா, அடித்துத் தைப்பதா?

கேள்வி: எங்களுக்கு உத்தமபாளையம் பக்கம். என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில்தான் இன்றுவரை படுக்கிறோம். போடியில் தைத்தது. இருபது வருடம் தாண்டிவிட்டது, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. கணவர் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். காலையில் எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'ஆர்த்தோ' மெத்தை வாங்கு என்கிறான் தம்பி. வெறுந்தரையில் படுத்தால் தானாகச் சரியாகும் என்கிறார் மாமனார். வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு நெடுங்கண்டம். அவளுக்கும் கட்டில், மெத்தை எடுக்க வேண்டும். யாருக்கு எது சரி?
- ஒரு வாசகி

பதில் (இயன்முறை மருத்துவர்):

சகோதரி, கடைக்குப் போகுமுன் உங்கள் கணவரிடம் ஒன்றைக் கேளுங்கள். வலி காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? எழுந்தவுடன் பிடித்து, முகம் கழுவி நாலு எட்டு நடந்ததும் விட்டுப்போகிற வலி என்றால் மெத்தையைச் சந்தேகப்படலாம். வண்டியை விட்டு இறங்கும்போதுதான் அதிகம் என்றால் முதல் காரணம் ஜீப். கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்கில் குலுங்கும் முதுகெலும்புக்கு எந்த மெத்தையும் முழு மருந்தாகாது. இருக்கையின் சாய்மானத்தைச் சரிசெய்து, இடுப்புக்குப் பின்னால் சிறு திண்டு வைத்து, ஆள் இறங்கும் இடத்தில் தானும் இறங்கி இரண்டு நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இவருக்கு இரண்டும் சேர்ந்திருப்பதுபோல் தெரிகிறது.

மாமனார் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன். முதுகுவலிக்குப் பலகையில் படுக்கச் சொல்லி டாக்டர்களே அனுப்பிய காலம் உண்டு. அந்த எண்ணத்தை 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு ஸ்பெயின் ஆய்வு அசைத்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டியான மெத்தையும், மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். படுக்கும்போதும் எழும்போதும் வலி நன்றாகக் குறைந்தது நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான். காரணம் எளிது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்கினால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். தரையில் அவை அமுங்க வழியில்லை. பள்ளம் விழுந்த மெத்தையிலோ இடுப்பு மட்டும் உள்ளே போய் முதுகு வில்லாக வளைந்துவிடும். இரண்டிலும் தசைகள் ராத்திரி முழுக்க ஓய்வில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மல்லாந்து படுக்கச் சொல்லி, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் கையை நுழையுங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை அவருக்கு மிகக் கெட்டி. நுழையவே இடமில்லை என்றால் மிக மெத்தென்று இருக்கிறது. லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கடையிலும் இதையே செய்யுங்கள். உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வீட்டில் எப்படிப் படுப்பாரோ அப்படியே கால்மணி நேரம் படுக்க வேண்டும். கடைக்காரர் முன்னால் படுக்க வெட்கப்பட்டுத் தவறான மெத்தையோடு வீடு திரும்பியவர்கள் நிறைய.

இனி உங்கள் பழைய மெத்தை. கடமலைக்குண்டு, வருசநாடு, போடி மலையடிவாரங்களில் கோடைக்கு வெடிக்கும் இலவங்காய்தான் போடிப் பட்டறைகளுக்கு வந்து, விதை நீங்கிப் பஞ்சாகிறது. இந்த இழை உள்ளே கூடாக இருக்கும், மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. அதனால்தான் எடை இல்லை, காற்று தங்கும், தண்ணீர் எளிதில் ஒட்டாது. கப்பலில் போகிறவர்களின் மிதவைச் சட்டைகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். சித்திரை வெக்கையில் கம்பம் பள்ளத்தாக்கில் வியர்க்காமல் தூங்க இதைவிடப் பொருத்தமான பஞ்சு எனக்குத் தெரிந்து இல்லை.

குறையும் அந்த இழையிலேயே இருக்கிறது. கூடான இழை எடை தாங்கித் தாங்கி நசுங்கும். நசுங்கி ஒடிந்தது திரும்ப எழாது, பொடியாகும். அவ்வப்போது வெயிலில் போட்டால் ஈரம் போய்ப் பஞ்சு உப்பிவரும். இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை பிரித்து அடித்து, குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்த்துத் தைத்திருந்தால் உங்கள் மெத்தையும் நன்றாகவே இருந்திருக்கும். இருபது வருடம் அப்படியே கிடந்த பஞ்சை இப்போது அடித்துப் பயனில்லை. தூசிதான் மிஞ்சும், வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் அது இன்னும் கெடுதல்.

ஆகவே மெத்தையை மாற்றுங்கள், பஞ்சை விட்டுவிட வேண்டாம். இரட்டை மெத்தையாக இல்லாமல் இரண்டு ஒற்றை மெத்தையாகத் தைக்கச் சொல்லுங்கள். அவருக்கு இறுக்கமாக, உங்களுக்குச் சற்றுத் தளர்வாக அடைக்கலாம். மொட்டைமாடிக்கு ஒருவரே தூக்கிப்போய் வெயிலில் போடலாம், தூக்க முடியாத மெத்தை வெயிலையே பார்க்காது. எத்தனை கிலோ பஞ்சு என்று பேசி, கண்முன் எடை போட்டு அடைக்கச் சொல்லுங்கள். அடைக்குமுன் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல இலவம்பஞ்சு மிதக்கும். மில் கழிவுப் பஞ்சு கலந்திருந்தால் அந்தப் பகுதி தண்ணீரைக் குடித்துக் கீழே இறங்கும். உங்கள் கணவர் கனத்த உடம்புக்காரர் என்றால் பஞ்சு மட்டும் போதாது. அடியில் மூன்று அங்குலக் காயர் மெத்தை ஒன்றைப் போட்டு அதன்மேல் பஞ்சு மெத்தையை விரியுங்கள். கட்டில் பலகை நடுவில் தொய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பலகை தொய்ந்தால் புது மெத்தையும் சில மாதத்தில் அதன் வழிக்கே போகும்.

தம்பியிடம் சொல்லுங்கள், மெத்தை உறையில் 'ஆர்த்தோ' என்று அச்சிட எந்த எலும்பு டாக்டரின் சான்றும் தேவையில்லை. அது விற்பனைச் சொல். ஃபோம் வாங்குவதானால் கேட்க வேண்டியது டென்சிட்டி. 40 டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று பொருள். அது எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கான குறிப்பு, கெட்டித்தனத்துக்கான அளவு அல்ல. டென்சிட்டி கூடிய மெத்தென்ற ஃபோமும் உண்டு, டென்சிட்டி குறைந்த கெட்டியான ஃபோமும் உண்டு. மெமரி ஃபோம் 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவானது. உடம்புச் சூட்டில் இளகி உடலின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும், ஆனால் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத உத்தமபாளையம் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஸ்பிரிங்கில் சாதாரண வகையைவிட, ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் நல்லது, பக்கத்தில் இருப்பவர் புரண்டாலும் நமக்கு ஆட்டம் தெரியாது.

மகளுக்கு என் பதில் வேறு. நெடுங்கண்டத்தில் ஆனி, ஆடி மழை பிடித்தால் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. பஞ்சு ஈரத்தைக் குடிக்காவிட்டாலும் மேல்துணி குடிக்கும், பூசணம் பூக்கும், காயவைக்க வழியிருக்காது. அங்கே துளைகள் உள்ள இயற்கை ரப்பர் லேடெக்ஸ் மெத்தை நல்லது. விலை கூடுதல், எடையும் கூடுதல், ஆனால் பல வருடம் தொய்யாது. 'லேடெக்ஸ்' என்று விற்பதில் எத்தனை அங்குலம் லேடெக்ஸ், எத்தனை அங்குலம் ஃபோம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ரப்பர் கையுறை போட்டால் அவளுக்கு அரிப்பு வருமென்றால் இது வேண்டாம். விலை கட்டுப்படாவிட்டால் காயரும் ஃபோமும் சேர்ந்த நடுத்தரக் கெட்டி மெத்தை போதும். எதுவானாலும் உறை ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கிறதாக இருக்கட்டும். கட்டிலும் அடியில் பெட்டி வைத்தது வேண்டாம், இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தது எடுங்கள். மலையில் மெத்தையின் அடிப்பக்கம்தான் முதலில் பூசணம் பிடிக்கும். வாரன்டி அட்டையில் எவ்வளவு ஆழம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்ற வரியையும் படித்துவிடுங்கள்.

தலையணை மட்டும் இருவருக்கும் இலவம்பஞ்சிலேயே தைக்கலாம். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கழுத்துக்கும் தோள் முனைக்கும் உள்ள இடைவெளியை நிரப்புகிற உயரம் வேண்டும். அதிகமானால் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை எடுத்துவிடலாம், கடை ஃபோம் தலையணையில் அது நடக்காது. கணவரை முழங்கால்களுக்கு நடுவிலும் ஒன்று வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், இடுப்புக்கு இதமாக இருக்கும். நாளை மகள் வீட்டில் குழந்தை பிறந்தால், ஒரு வயது வரை அதற்குத் தலையணையோ மெத்தென்ற பஞ்சு மெத்தையோ வேண்டாம். முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

இலவம்பஞ்சில் பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், பீடி குடித்தபடி படுப்பதையும்.

புது மெத்தையில் ஒரு மாதம் படுத்தும் வலி குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வலி தொடை வழியாகக் காலுக்கு இறங்குவது, கால் மரத்துப்போவது, ராத்திரி வலியால் விழிப்பது, காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்து வருவது என்றால் அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம். சிறுநீர், மலம் போவதில் சிரமம் இருந்தாலோ, கால் பலம் இழந்தாலோ அன்றைக்கே கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.