பாலமும் நீர்வழியும்

கால்வாய் என்றவுடன் ஓசூர், கிருஷ்ணகிரி முதலிய மேட்டு நிலத்து மாணவர், வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்காலையே நினைப்பர். தென்பெண்ணையாற்றின் குறுக்கே அமைந்த கிருஷ்ணகிரி அணையிலிருந்து இருமருங்கும் பிரியும் கால்வாய்கள் அத்தகையனவே. தமிழகத்தின் கீழைக் கடற்கரையிலோ வேறு வகைக் கால்வாய் ஒன்று உண்டு. அது படகுகள் செல்வதற்கென்றே வெட்டப்பெற்றது. அதுவே பக்கிங்காம் கால்வாய்.

பேசில் காக்ரன் என்பார் 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி இதனை வெட்டத் தொடங்கினார். 1837-இல் அரசாங்கம் இதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் இது சிறிது சிறிதாக நீண்டு, ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் முதல் நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீளம் உடையதாயிற்று.

இதன் ஒரு பகுதி கண்ணீரால் நனைந்தது. 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் நாட்டை வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் அதனைக் கூறுவர். பசித்து வந்தோர்க்கு வேலையும் கூலியும் அளித்தற்பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. பகுதி அப்போது வெட்டப்பெற்றது. 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பெற்றது. மண் சுமந்த ஏழைகளின் பெயரை அறிவார் இலர்.

நெல், உப்பு, விறகு முதலியவற்றை ஏற்றிய படகுகள் நெடுங்காலம் இவ்வழியே சென்னைக்கு வந்தன. இருப்புப்பாதையும் சாலையும் பெருகவே படகுகள் குறைந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சேறு படிந்தது, நகரத்துக் கழிவுநீர் கலந்தது. 1990-களில் சென்னைப் பறக்கும் இரயில் பாதையின் தூண்களும் நிலையங்களும் கால்வாயின் உள்ளேயே எழுந்தன. மக்கள் விரைந்து செல்ல ஒரு வழி பிறந்தது. அதனால் பழைய நீர்வழி மிகக் குறுகியது.

கால்வாய் அழியின் படகு மட்டுமோ அழியும்? மழை வெள்ளம் வடிவதற்கும் இதுவே வழி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, கரையேறிய நீரில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு பல ஊர்களுக்கு இது காப்பாயிற்று.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் வேறொரு காட்சியைக் காணலாம். அங்கே கால்வாய் அகன்ற உப்பங்கழியோடு கலக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின்மீது வண்டிகள் விரைகின்றன. அருகே, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-இல் நிறுவிய படகுத் துறையிலிருந்து சிறுவரும் முதியவரும் படகேறி மகிழ்கின்றனர். சாலையும் நீரும் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழக்கூடும் என்பதற்கு இவ்விடமே சான்று.

2008-இல் பக்கிங்காம் கால்வாயை உள்ளடக்கிய நீர்வழி, தேசிய நீர்வழி எண் 4 என அறிவிக்கப்பெற்றது. ஆயினும் தூர் வாருதல் மட்டும் போதாது. சுமைப்படகு செல்லவேண்டுமாயின், அதன் உயரத்திற்கு ஏற்பப் பாலமும் உயர்தல் வேண்டும். தாழ்ந்த பாலம் ஒன்றே நெடிய நீர்வழியை அடைத்துவிடும். தூண்கள் நெருங்கி நிற்பின் குப்பை தங்கும். வெள்ளம் கரை மீறும். உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆகலாம். அப்போது பாலத்தின் மேலே செல்வோரை எண்ணுவது போலவே, கீழே செல்லும் நீரையும் எண்ணுங்கள்.

பயிற்சி

1. பஞ்ச காலத்தில் கால்வாய் வெட்டப்பெற்றதன் நோக்கம் யாது?
2. பக்கிங்காம் கால்வாய் சீர்கெட்டதற்குரிய காரணங்களைக் கூறுக.
3. உம் ஊரிலுள்ள பாலம் ஒன்றைக் கண்டு, அதன் கீழ் நீர் தடையின்றிச் செல்கின்றதா என எழுதுக.