அகன்ற அலை வேகமாக ஓடினால்

பூம்புகார், வானகிரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஈசிஜி எடுக்கும் செவிலியர்களுக்கும், புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் டாக்டர்களுக்கும் இது. சீர்காழியும் மயிலாடுதுறையும் பக்கம்தான். ஆனால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 90 கிலோமீட்டருக்கு மேல். 108 வருவதற்குள் தாளைப் படிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

தாளுக்கு முன் ஆளைப் பாருங்கள். நினைவு இருக்கிறதா, நாடி கிடைக்கிறதா, பிரஷர் எவ்வளவு? நாடி இல்லாதவருக்கு பன்னிரண்டு லீடு ஒட்டிக்கொண்டிருக்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

நாடி இருந்தால் கட்டங்களை எண்ணலாம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. சின்னக் கட்டம் 0.04 நொடி. இரு கூர்முனைகளுக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களால் 300-ஐ வகுத்தால் துடிப்பின் வேகம் வரும். அடுத்து க்யூஆர்எஸ் அகலம். மூன்று சின்னக் கட்டத்துக்குள் இருந்து, பிரஷரும் சரியாக இருந்தால் யோசிக்க அவகாசம் உண்டு. அதைத் தாண்டி அகன்று, வேகமும் 120-க்கு மேல் போனால் விடி (வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா) என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பு மாரடைப்பு வந்தவர் என்றால் சந்தேகமே வேண்டாம். "நடந்துதானே வந்தார், நன்றாகப் பேசுகிறாரே" என்பதெல்லாம் வாதமாகாது. விடியோடு நடந்து வருபவர்கள் உண்டு. வெராபமில் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள், பிரஷர் விழுந்துவிடும். டிஃபிப்ரிலேட்டர் பேடை ஒட்டிவிட்டு, மேல் மருத்துவமனைக்குப் போன் போடுங்கள்.

நம் கடற்கரையில் வியர்வை ஒரு தனித் தொல்லை. ஈரத் தோலில் லீடு நழுவினாலும், ஆள் நடுங்கினாலும் கோடு விஎஃப் (வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்) போலவே கிறுக்கும். பேசிக்கொண்டிருப்பவருக்கு விஎஃப் இருக்க முடியாது. முதல் மூன்று லீடுகளையும் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்றில் துடிப்பு தெளிவாக இருக்கும், கிறுக்கலுக்குள்ளும் கூர்முனைகள் ஒரே இடைவெளியில் எட்டிப் பார்க்கும். துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

டயாலிசிஸைத் தவறவிட்டவர், வெயிலுக்கு இதமாக இளநீர் குடித்துவிட்டு வந்தால் கவனம். பொட்டாசியம் ஏறியிருக்கலாம். டி அலை கூம்பாக உயரும், பி அலை மங்கும், க்யூஆர்எஸ் அகலும். அகன்றுவிட்டால் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று உட்காராமல், டாக்டரிடம் கேட்டு கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றுங்கள்.

மெதுவாக ஓடும் தாளும் ஏமாற்றும். பி ஒரு கணக்கிலும் க்யூஆர்எஸ் வேறு கணக்கிலும் போய், துடிப்பு 40-க்குக் கீழ் இருந்தால் முழு அடைப்பு (கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்). வயது குறைந்தவருக்கு இப்படி வந்தால் உறவினரைத் தனியே அழைத்து விசாரியுங்கள். அரளி விதை உள்ளே போயிருந்தாலும் இதே படம்தான். காலையில் சீராக இருந்த தாள் மாலையில் மாறும், அதனால் ஒன்றோடு விடாதீர்கள்.

2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி மாத்திரை கொடுத்து அனுப்பும் நெஞ்சுவலிக்காரருக்கு வழியிலும் ரிதம் மாறலாம். வண்டியில் மானிட்டர் ஓடட்டும்.

தாளின் மேலே மெஷின் அச்சடிக்கும் 'நார்மல்' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அதைவிடப் பழைய ஈசிஜி உதவும். ஆனால் பலர் அதை லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள். சூடு பட்டால் அந்தத் தாள் முழுக்கக் கருத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.